பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குப் போலீஸைக் கூப்பிட்டால் முடிந்தது, இதற்கு ஒரு படமா?

ஒரு வாசகர், 2014 நவம்பர் 8

'நெய்பர்ஸ்' என்ற ஹாலிவுட் படம் பார்த்தேன். கைக்குழந்தை வைத்திருக்கும் தம்பதி, பக்கத்து வீட்டில் குடித்துக் கூத்தடிக்கும் கல்லூரிப் பசங்க. போலீஸுக்கு ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயத்தை 97 நிமிடம் இழுத்திருக்கிறார்கள். நடுவில் முழுக்க ஆபாசம். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பதில், 2014 நவம்பர் 8, இரவு 11.40

போலீஸுக்குப் போன் போடுகிறார்களே! சண்டை கிளம்புவதே அங்கேதான். நீங்கள் அந்த நேரம் அடுப்பை அணைக்க எழுந்து போயிருப்பீர்கள்.

அந்தத் தம்பதி, மேக்கும் (சேத் ரோகன்) கெல்லியும் (ரோஸ் பர்ன்), முதல் பார்ட்டியில் பசங்களின் தலைவன் டெடிக்கு (ஸாக் எஃப்ரான்) ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவோம், போலீஸை இல்லை என்று. அடுத்த பார்ட்டியில் கூப்பிடுகிறார்கள், அவன் எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் பெயர் சொல்லாமல் போலீஸுக்குப் பேசுகிறார்கள். வந்த போலீஸ்காரர் (ஹானிபல் புரெஸ், மனிதர் முகத்தில் ஒரு சலனம் இல்லை) எந்த வீட்டிலிருந்து போன் வந்தது என்பதைப் பசங்க முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறார். கூப்பிடுகிறவர் நம்பர் திரையில் தெரிகிற காலத்தில் மொட்டைப் புகார் ஏது?

அதற்கப்புறம் சண்டை சத்தத்தைப் பற்றியே இல்லை. வாக்குத் தவறினாயே என்பதுதான்.

2014 நவம்பர் 9, விடியற்காலை 4.10

ஒற்றைக் கையால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையில் அஞ்சு மாதக் குழந்தை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். வீட்டுக்காரருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. வீடு என்றால் மரச்சட்டத்தில் ஜிப்சம் அட்டையை அறைந்து வைத்த ஒன்று. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சு பசங்க. படத்தில் வருகிற மாதிரி ஃபிராட்டர்னிட்டி (ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கும் கல்லூரி ஆண்கள் சங்கம்) எல்லாம் இல்லை, சும்மா வாடகைக்குச் சேர்ந்து இருப்பவர்கள். அவர்களுக்கு வாரக்கடைசி வியாழக்கிழமையே தொடங்கிவிடும். பாட்டு காதில் விழாது, நெஞ்சுக்குள் 'டும் டும்' என்று மட்டும் இடிக்கும். பால் புட்டி மேசையில் தானாக நகர்ந்து போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்டோபரில் ஒரு வியாழன் ராத்திரி, மணி ஒன்றரை. தூங்க வைத்த குழந்தை மூன்றாவது தடவை எழுந்தது. போலீஸின் அவசரமில்லாத நம்பருக்குப் பேசினேன். இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. சத்தம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மெதுவாக 'டும்'. ஆக, போன் போட்டால் முடிந்தது என்பது சரியில்லை.

அதைவிட மோசம் மறுநாள் காலை. அந்தப் பசங்களில் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பவன் ஒருவன், குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று, ராத்திரி போலீஸ் வந்தாங்க, சத்தம் உங்களுக்கும் தொந்தரவா இருந்ததா என்று கேட்டான். 'அப்படியா, நாங்க நல்லா தூங்கிட்டோமே' என்றேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் பால் கக்கிய துண்டு. இந்தக் கோலத்தில் நின்றுகொண்டு ஒரு பொய். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மேக்கும் கெல்லியும் மாட்டிக்கொள்ளும் காட்சியில் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2014 நவம்பர் 9, மதியம்

ஆபாசம் என்ற புகாருக்கு வருகிறேன். இருக்கிறது, மறுக்கவில்லை. படத்தில் பாதிச் சிரிப்பு இடுப்புக்குக் கீழேதான். வீட்டைச் சரிசெய்யப் பணம் வேண்டுமென்று பசங்க தங்கள் உறுப்புகளை அச்செடுத்து விற்கும் பகுதி எனக்கும் நீளம்தான். புல்தரையில் கிடந்த ஆணுறையைக் குழந்தை வாயில் வைத்துவிட, டாக்டர் எய்ட்ஸ் கிருமி என்று விளையாட்டுக்குச் சொல்கிற இடம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் குழந்தை டாக்டர் அப்படிச் சொன்னால் நான் அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஆனால் பால் காட்சியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கெல்லி குடித்திருக்கிறாள், அதனால் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. பால் எடுக்கும் பம்பு பழுது. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு உயிர் போகிறது. கடைசியில் புருஷனையே கறந்துவிடச் சொல்கிறாள். பார்க்கிற ஆண்கள் 'சீ' என்பார்கள். பிள்ளை பெற்றவள் எவளும் 'சீ' என்று சொல்லமாட்டாள். ஜூலையில் எனக்குப் பால் கட்டிக்கொண்டு 102 டிகிரி காய்ச்சல். 2010 சுகாதாரச் சட்டம் வந்தபிறகு இந்த நாட்டில் இன்சூரன்ஸ்காரர்களே பம்பு கொடுத்துவிடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அதன் ரப்பர் வளையம் கிழிந்தால் இன்சூரன்ஸ் வந்து நிற்காது.

நாங்கள் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர்கள், ஆறு மாதம் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடுகிறார், சோஃபா இடுக்கில் கையை விடுகிறார், கிடைக்கவில்லை. அம்மா சொம்பும் கையுமாக நின்று காட்சி முழுவதையும் பார்த்தார்கள்.

'ஏட்டி, வெந்நீர் ஒத்தடம் குடுத்தாப் போதுமே. இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க வீட்டுல ஒரு பெரியவ இல்லையா?'

சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே சரியானது அதுதான். அந்த வீட்டில் பெரியவள் ஒருத்தியும் இல்லை. மொத்தக் கதையும் அதனால் வந்தது.

2014 நவம்பர் 9, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார், மல்லிகைப்பூ வைத்தால் பால் வற்றும் என்பது உண்மையா என்று. நான் பால் கட்டியதைச் சொல்லப்போய் எங்கேயோ போய்விட்டோம். சொல்கிறேன். மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டி பால் வற்றவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். வேலூரில் டாக்டர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள், பூவும் வேலை செய்கிறது என்று. அதனால்தான் அம்மா என்னைத் தலையில்கூட மல்லிகை வைக்க விடவில்லை. இண்டியானாவில் நவம்பரில் மல்லிகைக்கு எங்கே போவது என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

2014 நவம்பர் 10

காலையிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது பக்கத்து வீட்டுச் சண்டைப் படமா? எனக்கு அப்படிப் படவில்லை. பொறாமைப் படம்.

பசங்க குடிவந்த அன்று மேக்கும் கெல்லியும் என்ன செய்கிறார்கள்? சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அதைக் கிழடு மாதிரி இல்லாமல் எப்படிச் சொல்வது என்று வீட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். அன்பளிப்பாகக் கஞ்சாச் சுருட்டு வேறு. அப்புறம் டெடி உள்ளே வாங்க என்று கூப்பிட்டதும் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, அழுதால் கேட்கிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். அந்த ராத்திரி சத்தம் குழந்தையை எழுப்பாதா? அவர்களுக்குச் சத்தம் பிரச்சினையே இல்லை. தாங்கள் இல்லாத இடத்தில் கேட்கிற சத்தம்தான் பிரச்சினை.

அதற்கு முன்னால் வரும் காட்சிதான் எனக்கு உயிர். நண்பர்கள் பார்ட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கிளம்பி, அதை எடு இதை எடு என்று மூட்டை மூட்டையாகக் கட்டி, வாசலைத் தாண்டுவதற்குள் அப்படியே தூங்கிப்போகிறார்கள்.

அக்டோபர் 25, தமிழ்ச் சங்கத் தீபாவளி. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். கிளம்ப ரெண்டரை மணி நேரம் ஆனது. பட்டுப்பாவாடை போட்டதும் குழந்தை நனைத்தது, மாற்றியதும் கக்கியது. கார் ஏறியதும் பசி. நடுவழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பால் கொடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அக்கா பாவம் பார்த்து ரெண்டு பொட்டலம் தயிர்சாதம் கொடுத்தார், காரிலேயே தின்றோம். திரும்பி வரும்போது வீட்டுக்காரரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் பக்கத்தில் 'டும் டும்', கூடவே இருபது முப்பது பேர் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பாட்டு இல்லை.

2014 நவம்பர் 12

'பேட் நெய்பர்ஸ்' என்று தேடினால் வேறு படம் வருகிறதா என்று கேட்டவருக்கு: ரெண்டும் ஒன்றுதான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பெயரில் வந்தது. 'நெய்பர்ஸ்' என்று 1985இல் தொடங்கிய ஒரு ஆஸ்திரேலியத் தொடர் ஏற்கெனவே உண்டு, அதோடு குழம்பக்கூடாதே. ரோஸ் பர்னே ஆஸ்திரேலியாக்காரர்தான். இந்தப் படத்தில் அந்த ஊர்ப் பேச்சையே பேசவிட்டிருக்கிறார்கள்.

2014 நவம்பர் 15

காற்றுப்பை (ஏர்பேக்) காட்சி. டெடி மேக்கின் காரிலிருந்து காற்றுப்பைகளைக் கழற்றி ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். மேக் உட்கார்ந்ததும் ராக்கெட் மாதிரி கூரைக்குப் போகிறான். அரங்கமே அதிர்ந்த காட்சியாம்.

என் வீட்டுக்காரர் மெக்கானிக்கல். படத்தை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். காற்றுப்பை மேலே உட்கார்ந்தால் வெடிக்காது. மோதலை உணரும் கருவி மின்சாரக் குறிப்பு அனுப்ப வேண்டும், அது ஒரு சின்ன வெடிமருந்தைப் பற்றவைக்க வேண்டும், அப்போதுதான் வாயு பொங்கும். பை நிரம்ப நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். காரிலிருந்து கழற்றிக் குஷனுக்கு அடியில் வைத்தால் வெறும் மூட்டை. நிஜமாக வெடித்தால் மேக்கின் முதுகெலும்பு மிஞ்சாது.

எல்லாம் சரி, ஆனால் இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் குழந்தை எழுந்துவிட்டது. அன்று படத்தை முடிக்கவில்லை. நாங்கள் 97 நிமிடப் படத்தை மூன்று ராத்திரியில் பார்த்தவர்கள்.

2014 நவம்பர் 16

திருத்தம். 'அரங்கமே அதிர்ந்தது' என்று நான் எழுதியதற்கு எங்கே பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை. டிவிடியில், சத்தத்தைக் குறைத்து, கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்த்தவள் நான். ஆனால் மே மாதம் வந்த முதல் வாரக்கடைசியில் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 49 மில்லியன் டாலர் வசூல், ரெண்டாவது வாரத்தில் இருந்த 'ஸ்பைடர்மேன்' படத்தைக் கீழே தள்ளியது. போட்ட பணம் 18 மில்லியன்தான். உலகம் முழுக்க 270 மில்லியன் வந்திருக்கிறது. ஏதோ ஒரு அரங்கம் அதிர்ந்துதான் இருக்கும்.

2014 நவம்பர் 22

இன்று ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நவம்பர் 9 குறிப்பில் பசங்க செய்ததை மட்டும் எழுதினேன். வீட்டுக்காரர் இந்த இழையைப் படித்துவிட்டு, 'சாம்பிராணிக் கதையை ஏன் விட்டுட்டே?' என்றார்.

செப்டம்பர் கடைசி, சனிக்கிழமை, காலை ஏழு மணி. அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணி போட்டார்கள். கரி கிடைக்காமல், மீன் சுடுகிற அடுப்புக்கு விற்கும் கரித்துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். சாம்பிராணியும் கை தாராளம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, பிள்ளைக்குக் குளிரும் என்று. இந்த வீடுகளில் புகை உணரும் மணி ரெண்டு பக்கத்துக்கும் இணைப்பு. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். அடித்தது. அதோடு போகவில்லை, தீயணைப்பு வண்டியும் வந்தது.

வெளியே ஐந்து டிகிரிக் குளிர். அஞ்சு பசங்களும் கூடவே யாரோ ரெண்டு பெண்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு புல்லில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். காலை நாலு மணிக்குத்தான் படுத்திருப்பார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. தொப்பிக்காரன் அன்று தொப்பி இல்லாமல் ஜட்டியோடு நின்றான். அம்மா தூபக்காலைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்று, கூட்டமாக இருக்கிறார்களே என்று அவர்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டினார்கள். தீயணைப்புக்காரருக்கும் சேர்த்து.

யாரும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இதையும் எழுதினால்தான் நியாயம். இதற்குப் பின்னாலதான், அக்டோபரில், நான் அவர்கள்மேல் போலீஸுக்குப் பேசினேன்.

2014 நவம்பர் 23

ஆமாம், காலை ஆறு மணி மிக்ஸியும் குக்கர் விசிலும் எங்கள் வீட்டுக் கணக்குதான். நேற்று எழுதியதும் ஆளுக்கொன்று கிளப்புகிறீர்கள். சனிக்கிழமை மட்டும் இட்லியோடு நிறுத்தி, சட்னியை முந்தின ராத்திரியே அரைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா, 'பழைய சட்னியா' என்று ஒரு பார்வை பார்த்தார்கள்.

அந்தச் சாம்பிராணி நாளுக்கு மறுநாள் அவர்கள் ஒரு பை முறுக்கு சுட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். இங்கிலீஷ் ரெண்டு பக்கமும் தேவைப்படவில்லை. ரெண்டு வாரம் கழித்துத் தொப்பிக்காரன் காலிப்பையோடு வந்து நின்றான். பீருக்கு இதைப்போல ஒன்று கிடையாது, இன்னும் கிடைக்குமா என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தபோது பீரை விட்டுவிட்டேன். 'பசிச்சு வந்து கேட்குது பாரு' என்று அம்மா அன்றைக்கே மாவு பிசைந்தார்கள்.

2014 டிசம்பர் 3

அம்மா அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். வீட்டில் பெட்டி கட்டும் சண்டை. அதனால் சுருக்கமாக, கெல்லியைப் பற்றி.

இந்த மாதிரிப் படங்களில் மனைவிக்கு ஒரே வேலை, இடுப்பில் கை வைத்து முறைப்பது. புருஷன் அசடு வழிவான், அவள் திட்டுவாள், கடைசியில் மன்னிப்பாள். இங்கே கெல்லி அவனைவிடப் பெரிய கேடி. டெடியின் காதலியையும் அவன் உயிர்த்தோழன் பீட்டையும் (டேவ் ஃபிராங்கோ) பார்ட்டியில் கோத்துவிடுவது அவள்தான். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறாள், பாருங்கள். கண்ணில் என்ன ஒரு சந்தோஷம்! ஆறு மாதமாகக் குழந்தையோடு அடைந்து கிடந்தவளுக்கு மூளையைப் பயன்படுத்த ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பிறகு ரெண்டு பேருக்கும் சண்டை. மேக் கேட்கிறான், என்னைத் தடுக்க வேண்டிய புத்திசாலி மனைவி நீதானே, கெவின் ஜேம்ஸ் (அசட்டுப் புருஷனாக வரும் காமெடி நடிகர்) படங்களில் அப்படித்தானே வரும், ரெண்டு பேருமே கெவின் ஜேம்ஸாக இருந்தால் எப்படி என்று. நானும் பொறுப்பில்லாமல் இருப்பேன், எனக்கும் அந்த உரிமை உண்டு என்று அவள். பார்த்துக்கொண்டிருந்த நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தடுப்பூசி தேதியை யார் ஞாபகம் வைப்பது என்று அன்று சாயங்காலம்தான் எங்களுக்கு வாக்குவாதம்.

2015 மே 17

படத்துக்குச் சம்பந்தமில்லாத செய்தி. பசங்க படிப்பு முடிந்து காலி செய்துவிட்டார்கள். சோஃபாவைத் தெருவோரம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் ராத்திரி பக்கத்தில் சத்தமே இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும். குழந்தை பன்னிரண்டு மணி வரை தூங்கவில்லை, 'டும்' இல்லாமல் தூக்கம் வரவில்லை போல. கடைசியில் போனில் மழைச் சத்தம் போட்டுவிட்டோம்.

2016 ஜூன் 5

ரெண்டாம் பாகம். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்கு வருவது பெண்கள். நாட்டில் பெரிய 26 கல்லூரிப் பெண்கள் சங்கங்களின் (சொரோரிட்டி) விதிப்படி, பெண்கள் தங்கள் சங்க வீட்டில் மது வைத்துப் பார்ட்டி நடத்தக்கூடாது. ஆண்களின் ஃபிராட்டர்னிட்டி வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாம். இது கதைக்காகச் சொன்னதில்லை, நிஜம். அந்த ஆண்கள் பார்ட்டிகளில் பெண்களை நடத்துகிற விதம் பிடிக்காமல் மூன்று பெண்கள் சொந்தமாக ஒரு வீடு பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் மேக், கெல்லி வீட்டை விற்றிருக்கிறார்கள், வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். அந்த முப்பது நாளுக்குச் சத்தம் வராமல் இருக்க வேண்டும்.

யோசனை முதல் படத்தைவிட நல்ல யோசனை. படம் முதல் படத்தைவிடச் சுமார். காரணம் எனக்குத் தோன்றுவது: நியாயம் முழுக்க அந்தப் பெண்கள் பக்கம். முதல் படத்தில் ரெண்டு பக்கமும் சம அளவு அற்பம், அதனால் மனசாட்சி உறுத்தாமல் சிரித்தோம். இதில் மேக்கும் கெல்லியும் ஜெயிக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது.

அப்புறம், முதல் பாகத்தின் முடிவைப் பற்றி நான் எழுதவே இல்லை. டெடி அபர்கிராம்பி துணிக்கடை வாசலில் சட்டை இல்லாமல் நின்று வருகிறவர்களை வரவேற்கிற வேலையில் இருக்கிறான். மேக் அவனைப் பார்த்துவிட்டுத் தானும் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நிற்கிறான், தொப்பையோடு. கல்லூரியில் ராஜாவாக இருந்தவனுக்குச் சில மாதத்தில் கிடைத்தது கடைவாசல். அப்போது சிரித்தேன். நேற்று மறுபடி பார்த்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

2018 டிசம்பர் 2

நாலு வருடம் முன்பு எழுதியதை எல்லாம் படித்தேன். ஒன்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. புதிதாகச் சேரும் பையன்களைப் படுத்தும் காட்சிகள். முதல் படத்தில் ஒரு பையனுக்கு அசிங்கமான பட்டப்பெயர் வைத்து எடுபிடியாக நடத்துவார்கள். சிரித்துவிட்டுப் போனேன்.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலத்தின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிராட்டர்னிட்டியில் சேர வந்த 19 வயது மாணவரை அடுத்தடுத்துக் குடிக்க வைத்தார்கள். மாடிப்படியில் தலைகுப்புற விழுந்தார். சுமார் பன்னிரண்டு மணி நேரம் வரை ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இறந்துபோனார். இந்த அக்டோபரில்தான் பென்சில்வேனியாவில் அதற்காகக் கடுமையான சட்டம் வந்தது.

'ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயம்' என்று இந்த இழையின் முதல் பதிவில் இருப்பதை இப்போது படிக்க ஒரு மாதிரி இருக்கிறது.

21 வயதுக்குக் கீழே குடிப்பதற்கு இங்கே தடை, 1984இல் வந்த சட்டத்தால் 1988க்குள் நாடு முழுக்க அதுதான் வயது என்றானது. அதனால் கூட இருப்பவன் மயங்கி விழுந்தாலும் போனை எடுக்கப் பசங்களுக்குப் பயம். இண்டியானாவில் 2012லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, உதவி கேட்டுக் கூப்பிட்டவன் மேல், போலீஸ் வரும்வரை கூடவே இருந்தால், வயதுக்கு முன் குடித்த வழக்குப் போடமாட்டார்கள். இது எனக்குத் தெரிந்தது எப்படியென்றால், 2015 பிப்ரவரியில், அம்மா ஊருக்குப் போனபின், ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ். யாரோ மறுபடி புகார் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கொடுக்கவில்லை என்று ஒரு நிம்மதி வேறு. மறுநாள் தொப்பிக்காரன் சொன்னான், விருந்துக்கு வந்த ஒரு பையனை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, அவன்தான் கூப்பிட்டானாம். அந்தச் சட்டத்தையும் அவன்தான் சொன்னான். பையன் பிழைத்துக்கொண்டான்.

இதை ஏன் அப்போதே இங்கே எழுதவில்லை? அந்த மாதம் குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. உண்மையான காரணம் அதுதான்.

2018 டிசம்பர் 3

இல்லை, இதனால் படம் மோசமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பால் காட்சிக்கு இன்னும் சிரிக்கிறேன். எடுபிடிப் பையன் காட்சிகளை ஓட்டிவிடுகிறேன், அவ்வளவுதான்.

2020 மே 24

இழையைத் தொடங்கியவர் ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்! மூன்று மாதக் குழந்தையாம், வாழ்த்துகள். மாடிவீட்டுக்காரர் ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே ஸ்கிப்பிங் குதிக்கிறாராம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

போலீஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லவில்லை. மின்விசிறியை வேகமாக வைத்துக் குழந்தையைத் தூங்கப் போடுங்கள், ஒரே சீரான சத்தம் நடுவில் வரும் 'தொம்' சத்தத்தை அமுக்கும். குதிக்கிற நேரத்தை மாற்றமுடியுமா என்று பகலில் போய்க் கேளுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பரிதாபம் காட்டிக் கேட்பதுபோல இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். படத்தை மறுபடி பாருங்கள், இந்தத் தடவை மூன்று ராத்திரி ஆகும்.

2022 ஜனவரி 16

மூன்று ராத்திரி இல்லை, அஞ்சு ராத்திரி ஆனது என்று அவர் அப்போதே எழுதியிருந்ததை இப்போதுதான் பார்த்தேன். பால் காட்சியில் அவர் மனைவி சிரிக்கவில்லையாம், அழுதாராம். புரிகிறது.

தொப்பிக்காரன் என்ன ஆனான் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. பெயரை ஒரு தடவை சொன்னான், எனக்கு அன்றைக்கே மறந்துபோனது, மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. பொங்கலன்று அம்மா போனில் பேசும்போதும் கேட்டார்கள்.

'அந்தத் தொப்பிக்காரப் பய கல்யாணம் முடிச்சிட்டானாட்டி? பிள்ளை கிள்ளை உண்டா?'

தெரியலம்மா என்றேன்.

'விசாரிச்சுச் சொல்லு. சாம்பிராணி குடுத்துவிடுதேன்.'